ஒரே பெயரில் மூன்று கைகள்

அண்ணா, நடந்ததை நடந்தபடி எழுதுவேன், எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதம் அப்பாவுடையது, கை மட்டும் என்னுடையது. அப்பாவுக்கு வலது கண்ணில் விழித்திரை ஆபரேஷன் முடிந்தது உனக்குத் தெரியும். கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது கரையும்வரை தலையைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும், விமானத்தில் ஏறக் கூடாது, கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது. அதனால் அப்பா கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையிடம் பேசுகிறார். நான் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவின் பேச்சை எழுத்துத் தமிழாக்கிக்கொள்கிறேன். மற்றவர்கள் பேசியதை அவரவர் பேசியபடியே விடுகிறேன். எனக்குத் தோன்றுவதை அடைப்புக்குறிக்குள் போடுவேன். இனி அப்பா.

மகனே, வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாய். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எப்படிப் போனது என்று கேட்டேன். மெஸ் சாப்பாடு, பஸ் கூட்டம், ஆபீஸ் ஏசியின் குளிர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக, "எங்க டீம்ல எல்லாருக்கும் ஒரே லாகின்தாம்ப்பா, யாரு வேணும்னாலும் கோடு செக்-இன் பண்ணிக்கலாம், ஜாலி" என்று சிரித்தாய். நான் உடனே போனை உன் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். கண் வலி என்று நினைத்திருப்பாய். கண் வலி இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். ஏனென்றால் அதே ஒற்றை லாகினால் இங்கே ஒரு மனிதன் சாகக் கிடந்தான். அதைச் செய்தது நான் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அந்தக் காகிதம் இப்போது டிவிக்கு மேல் இருக்கிறது. இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். உன்னிடம் இதையெல்லாம் மறைத்துவிட்டோம். இனி மறைக்கவில்லை.

பர் துபாயில் துணிக்கடைக்கு மேலே இருக்கும் என் ஆபீஸை நீ பார்த்திருக்கிறாய். டீ போடும் மூலையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்குமே, அதுதான் எங்கள் ரெப்பாசிட்டரி. நாங்கள் எழுதும் ப்ரோக்ராம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒருவர் ஒரு வரியை மாற்றி உள்ளே சேர்த்தால், யார் மாற்றினார், எப்போது, எதற்காக என்பதையும் அது சேர்த்தே வைத்துக்கொள்ளும். பழையது எதுவும் அழியாது. பத்தாம் வகுப்பு ப்ராஜெக்டுக்கு நீ வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன செய்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? 'ஃபைனல்', 'நிஜ ஃபைனல்', 'அப்பா தொடாதே ஃபைனல்' என்று ஒரே ஃபைலுக்குப் பல பிரதிகள் வைத்திருந்தாய். கடைசியில் ஸ்கூலுக்குக் கொண்டுபோனது எல்லாவற்றுக்கும் பழையதை. டீச்சர் முன்னால் நின்றபோதுதான் பாதிப் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தாய். அன்று நீ அழுதாய், அம்மா சிரித்தாள், நான் உன்னைத் திட்டினேன். திட்டியதற்குப் பதிலாக உட்கார வைத்து இதைச் சொல்லியிருக்கலாம்: பிரதி எடுத்து வைப்பது காப்பாற்றுவது ஆகாது. எது கடைசிப் பிரதி, அதற்கு முன்னால் என்ன இருந்தது, ஏன் மாறியது என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது காப்பாற்றப்பட்டது.

(அண்ணா, அந்த ஃபைல்கள் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன.)

போன குளிர்காலத்தில் ஜெரோம் எங்கள் ஆபீஸுக்கு வந்தான். குளச்சல்காரன், அவன் அப்பா கட்டுமரம் வைத்திருந்தவர். டிப்ளமோ படித்துவிட்டு விசிட் விசாவில் வேலை தேடி வந்தவன். வேலை சுத்தம். அவன் எழுதிய வரியை நான் இரண்டாம் முறை பார்க்க வேண்டி வந்ததில்லை. மேனேஜர் பம்பாய்க்காரர், அவனை உடனே வேலைக்கு உட்கார வைத்துவிட்டார். ஆனால் விசிட் விசாவில் இருப்பவன் வேலை செய்வது சட்டப்படி தப்பு. ஆய்வுக்கு ஆள் வந்தால் அவன் பெயர் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்கக் கூடாது என்று சொல்லி, சர்வரில் அவனுக்கு லாகின் போடவிடவில்லை. விசா இருப்பவர் பெயரில் எழுதட்டும் என்றார். விசா இருந்தது எனக்கு. அன்றிலிருந்து ஜெரோம் எழுதியதெல்லாம் என் பெயரில் உள்ளே போனது. மேனேஜருக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரியும். இந்த ஊரில் இப்படி நடக்காத சின்னக் கம்பெனி குறைவு. ஒருவர் பெயரில் ரூம், ஒருவர் பெயரில் சிம் கார்டு, ஒருவர் பெயரில் வண்டி. பெயர் என்பது விசா இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கிற உதவி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

எங்கள் ப்ரோக்ராம் செய்வது ஒரு கான்ட்ராக்டர் கம்பெனிக்கு டூட்டி ஷீட் அடிப்பது. எந்த லேபர் கேம்பிலிருந்து எத்தனை பேர், எந்த சைட், எத்தனை மணிக்கு பஸ், எப்போது வேலை, எப்போது ஓய்வு. கோடையில் உச்சி வெயில் நேரத்தில் வெளி வேலை கூடாது என்பது இங்கே சட்டம். அதை டூட்டி ஷீட்டில் தானாகவே விழும்படி எழுதியது ஜெரோம். மே மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தான். ஒவ்வொரு முறையும் ஒரு வேலை மட்டும் முடித்து, என்ன செய்தான் என்று ஒரு வரி எழுதி, உள்ளே சேர்ப்பான். நீயும் அப்படியே செய், மகனே. வாரம் முழுக்க எழுதியதை ஒரே மூட்டையாகக் கட்டிப் போடாதே. மூட்டைக்குள் ஒன்று கெட்டால் எதைப் பிரிப்பது? காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விடாதே. நாளைக்கு அதைப் படிக்கப்போவது உன்னைத் தெரியாத ஒருவராக இருக்கலாம். பல நேரம் அது நீயாகவே இருப்பாய்.

ஜூலையில் ஜெரோமின் விசா முடிந்தது. விசா மாற்றுகிறவர்கள் எல்லோரையும் போல அவனும் ஈரானைச் சேர்ந்த கிஷ் தீவுக்குப் போனான். புது விசா இங்கிருந்து அனுப்பும்வரை அங்கே ஹோட்டலில், ஒரே ரூமில் பலரோடு காத்திருக்க வேண்டும். இந்த முறை வேலை விசாவே எடுத்துத் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதே வாரம் எனக்குக் கண்ணில் கறுப்புத் திரை விழுந்தது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்கு அடுத்த நாள் அம்மா டூட்டி முடிந்து வந்தவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் வார்டுக்கு ஒரு தமிழ் ஆளை வெயிலில் மயங்கி விழுந்தார் என்று கொண்டுவந்திருந்தார்கள். அரியலூர்ப் பக்கம். உடம்பு தொட முடியாத சூடு. நினைவு வந்து வந்து போகிறது. ஐஸ் வைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டாளாம், இந்த வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாதே, ஏன் போனீர்கள் என்று. அவர் சொன்னதை அம்மா அப்படியே சொன்னாள்.

"பேப்பர்ல டூட்டி போட்டிருந்துச்சு சிஸ்டர். ஃபோர்மேன் கிட்டயும் கேட்டேன். அவரும் பேப்பரத்தான் காட்டுனாரு."

எந்தப் பேப்பர் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. கம்பெனி பெயரைச் சொன்னாள், எங்கள் டூட்டி ஷீட் போகிற அதே கம்பெனி.

(நான் அந்த நேரம் இங்கிலீஷ் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தேன். நோட்டை மூடிவிட்டு அம்மாவுக்கு டீ போட எழுந்தேன்.)

மறுநாள் காலை மேனேஜர் போன் செய்தார். டூட்டி ஷீட்டில் மதிய ஓய்வு மொத்தமாகக் காணாமல் போயிருக்கிறது, கான்ட்ராக்டரின் இன்ஜினியர் கத்துகிறார், சர்வரில் பார்த்தால் கடைசியாக மாற்றியது நீங்கள்தான் என்றார். நான் மாற்றவில்லை என்றேன். "நாம் தோ ஆப்கா ஹே, பாய்" என்றார். பெயர் உங்களுடையதுதானே என்கிறார். உன் தங்கையைக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். ஆபீஸ் சர்வருக்குள் போகும் வழியைக் கவிழ்ந்து படுத்தபடியே சொன்னேன். கடைசி மாற்றத்தின் பெயரையும் தேதியையும் காரணத்தையும் படி என்றேன். பெயர் என் பெயர். காரணம் வெறுமை. தேதியைப் படித்தவள் நிறுத்திவிட்டாள்.

"அப்பா, செவ்வாய்க்கிழம மத்தியானம். அப்ப நீங்க ஆபரேஷன் தியேட்டர்ல. நானும் அம்மாவும் வெளிய பெஞ்சுல இருந்தோம்."

நான் ஆபரேஷன் தியேட்டரில். ஜெரோம் கடலுக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டரே இல்லாத ஹோட்டலில். என் பெயரில் எழுதக்கூடிய கைகள் மூன்று. இரண்டு போனால் மீதி ஒன்று. என்னால் நம்ப முடியவில்லை. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அதில் எடுத்த வரிக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அவள் படிக்கப் படிக்க எல்லாம் கழித்தல். ஜெரோம் மே மாதம் முழுக்க எழுதியது ஒன்றுவிடாமல் கழித்தல். நடுவே இரண்டே இரண்டு கூட்டல் வரிகள். ஒன்று எழுத்தின் அளவு. மற்றொன்றில், ஷீட்டின் தலைப்பில் ஷார்ஜாவில் இருக்கும் வேறொரு கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனிக்கு ஏப்ரலில் எங்கள் ப்ரோக்ராமைக் காட்டி வியாபாரம் பேசப் போனவர் மேனேஜர். அந்தப் பெயர் போட்ட பிரதி அவர் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

திரும்பப் போன் செய்து கேட்டேன். அவர் மறைக்கவில்லை, அதுதான் என்னை இன்னும் கலக்கியது. ஏதோ ஒரு எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று இன்ஜினியர் கேட்டிருக்கிறார். நான் இல்லை, ஜெரோம் இல்லை. தானே செய்துவிடலாம் என்று ஏப்ரல் மாதப் பிரதியில் மாற்றி உள்ளே சேர்க்கப் பார்த்திருக்கிறார். உன் பிரதி பழையது, முதலில் புதியதை எடுத்துக்கொள் என்று சர்வர் தடுத்திருக்கிறது. இவர் புதியதை எடுத்து, அதன் மேல் தன் பழைய ஃபோல்டரை முழுக்கக் கொட்டி, மறுபடி சேர்த்திருக்கிறார். "சர்வர் நே லே லியா நா" என்கிறார். சர்வர் வாங்கிக்கொண்டதாம். அது வாங்கிக்கொள்ளத்தான் செய்யும், மகனே. அது காவல்காரன் இல்லை, சாட்சி மட்டும்தான். ஆகவே நீ வேலையைத் தொடங்கும்போது முதலில் புதியதை எடுத்துக்கொள். உள்ளே சேர்ப்பதற்கு முன்னால் ஒப்பிட்டுக் காட்டும் பக்கத்தைக் கண்ணால் பார். நீ தொடாத வரிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் கையை எடுத்துவிடு. சர்வர் தடுத்தால் அதை ஏமாற்ற வழி தேடாதே, ஏன் தடுக்கிறது என்று கேள்.

சரிசெய்வது சுலபமாக இருந்தது. எதுவும் அழியாத இடமாயிற்றே. செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய நிலைக்குத் திரும்பக் கட்டளையைச் சொன்னேன், உன் தங்கை தட்டினாள். என்டர் அழுத்தப் போகும்போது, நிறுத்து என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோனாள். மறுபடியும் என் பெயரில் இன்னொரு கை. நான்காவது கை, அதுவும் என் மகளுடையது. இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அது இயல்பாக வந்துவிட்டது. காரணம் எழுதும் இடத்தில், கண் ஆபரேஷனால் என்னால் பார்க்க முடியவில்லை, நான் சொல்ல என் மகள் தட்டியது, மதிய ஓய்வை மீட்டது என்று முழுதாக எழுதச் சொன்னேன். பிறகுதான் சேர்த்தோம். அதற்குப் பின் அடித்த ஷீட்டுகளில் ஓய்வு இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாள் காகிதம் ஏற்கெனவே சைட்டுக்குப் போய்விட்டதே.

நேற்று மாலை மேனேஜர் பழப் பையோடு வந்தார், அந்தக் காகிதத்தையும் கொண்டுவந்தார். கவனக்குறைவாக நான் மாற்றிவிட்டேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் கான்ட்ராக்டர் அடங்கிவிடுவார், நோயாளி என்று மன்னிப்பார், என் விசாவுக்கும் ஒன்றும் ஆகாது என்றார். போடாவிட்டால் என் பெயரில் யார் யார் எழுதினார்கள் என்று கேள்வி வரும், ஜெரோம் மாட்டுவான், அவன் விசா பேப்பர் தன் மேசையில்தான் இருக்கிறது என்றார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். என் விசா போனால் ஒரு மாதத்தில் நாட்டைவிட்டுப் போக வேண்டும். கண்ணில் வாயுவோடு விமானம் ஏறினால் கண் போய்விடும். உன் தங்கையின் ஸ்கூலும் என் விசாவில்தான். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் நேற்று எனக்குத் தோன்றியது. இன்று உனக்கு இதைச் சொல்லத் தொடங்கியபோதும் அப்படித்தான் இருந்தது.

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்பா, ஒரே லாகின் வச்சுக்காதன்னு அண்ணனுக்கு எழுதிட்டு, அந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டா, எதப்பா அண்ணன் நம்பணும்?" என்று கேட்டேன். அப்பா போன் கார்டை எடுக்கச் சொல்லி கிஷ் ஹோட்டல் நம்பரைப் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.)

ஜெரோமை ரூமிலிருந்து கூப்பிட்டு வர நேரமாயிற்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வரிகளைத்தான் அழித்திருக்கிறார்கள், நான் உண்மையைச் சொன்னால் உன் விசா போகலாம், அதனால் உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். அவன் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்த ஆளு பொழச்சிட்டாராண்ணே?"

பிழைத்துவிட்டார், நேற்று கஞ்சி குடித்தார் என்று அம்மா அறையின் அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

"அப்பம் செரி. நீங்க உள்ளத உள்ளபடி சொல்லுங்கண்ணே. இஞ்ச ஒரு ரூமுல பன்னெண்டு பேரு கெடக்கோம், விசா வரும் விசா வரும்னு. வராதவன் ஊருக்குப் போறான், அம்புட்டுதானே. நான் எளுதின ஓய்வ எடுத்துட்டு ஒருத்தன் வெயில்ல விளுந்திருக்கான். அத நீங்க செஞ்சதா எளுதிக் குடுத்தா, பொறவு நான் எளுதினதுக்கு என்ன அர்த்தம்?"

இன்ஜினியருக்குப் போன் செய்தேன். பெயர் என்னுடையது, கை என்னுடையது அல்ல, அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றேன். பெயரைக் கொடுத்தது நான், அதற்குப் பொறுப்பு உண்டு என்றும் சொன்னேன். ஒப்பிட்டுக் காட்டும் பக்கத்தை உன் தங்கை அவருக்கு மெயில் அனுப்பினாள். அதிலிருக்கும் ஷார்ஜா கம்பெனியின் பெயர் யாருடைய பிரதியில் இருந்தது என்று நான் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. இனி எங்கள் ஆபீஸில் என்னைத் தவிர யாரும் டூட்டி ஷீட்டைத் தொடக் கூடாது, இல்லாவிட்டால் கான்ட்ராக்டைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். அதனால் என் விசா தப்பியது. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். என்னிடம் கோபப்படவில்லை. ஜெரோமின் விசா பேப்பரை மட்டும் இனி அனுப்பப் போவதில்லை என்றார். "உஸ்கா மாஃபி, பாய். கலாஸ்" என்று வைத்துவிட்டார். அவனுக்கு விசா இல்லை, முடிந்தது என்கிறார்.

மகனே, எனக்கு இன்னும் அதிர்ச்சி தீரவில்லை. தவறு செய்தவர் நாற்காலியில் இருக்கிறார். பெயரைக் கொடுத்தவன் கட்டிலில் பத்திரமாகக் கிடக்கிறேன். ஒரு தப்பும் செய்யாதவன் ஊருக்குப் போகிறான். அதைவிடப் பெரிய இழப்பு இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தச் சர்வரில் இருப்பதில் பாதிக்குமேல் அவன் எழுதியது. அதில் ஒரு வரிகூட அவன் பெயரில் இல்லை. நாளைக்கு எந்தக் கம்பெனியில் போய், இது நான் செய்த வேலை என்று காட்டுவான்? பெயரை உதவியாகக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவனுடைய வேலையை நான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ உன் டீம் லீடரிடம் போ. எனக்கென்று தனி லாகின் வேண்டும், எல்லோருக்கும் தனித்தனியாக வேண்டும் என்று கேள். புதிதாக வந்தவன் அதிகம் பேசுகிறான் என்பார்கள், பேசட்டும். பாஸ்வேர்டை கோடுக்குள் எழுதி வைக்காதே. வாடிக்கையாளருக்குப் போகிற ஒவ்வொரு பிரதிக்கும் சர்வரிலேயே ஒரு அடையாளம் போட்டு வை. எந்தக் காகிதம் எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்ல வேண்டும். சர்வரின் நகலை வேறொரு கட்டடத்தில் வை, அதைத் திறந்தும் பார். ஜெரோம் வேலை தேடிச் சென்னைக்கு வருவான், உன் ரூமில் தங்க வை. உன் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்களா என்று கேள். மே மாதம் என் பெயரில் இருக்கிற மதிய ஓய்வு வரிகள் முழுவதும் ஜெரோம் எழுதியவை. இது என் சாட்சி. சந்தேகப்படுகிறவர் யாராக இருந்தாலும் எனக்குப் போன் செய்யச் சொல், தலையணையைப் பார்த்தபடியே பதில் சொல்கிறேன்.

(அப்பா போதும் என்றார். சொன்னதை ஒரு முறை படித்துக் காட்டினேன். ஜெரோம் அண்ணனின் முழுப் பெயரைக் கடைசிப் பக்கத்தில் தெளிவாக எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறேன். டிவிக்கு மேலிருந்த காகிதத்தைக் கையெழுத்து இல்லாமலே உறையில் போட்டுவிட்டேன், நாளை ஸ்கூல் போகும் வழியில் மேனேஜர் ஆபீஸில் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு இன்று நைட் டூட்டி, அதற்கு முன்னால் கொஞ்சம் தூங்க வேண்டும். எங்களுக்கு இருப்பது இந்த ஒரே அறை. திரைச்சீலையை இழுத்துவிட்டேன், இனி லைட்டை அணைக்க வேண்டும்.)